மூன்றாம் தோட்டம்

எங்கள் கல்வி வலயத்தின் வரலாற்றுப் பாட ஆசிரிய ஆலோசகரை எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. இரண்டு பேருமே அதை மறைத்துக்கொண்டதில்லை.

பெற்றோல் வரிசைகள் ஓய்ந்து பள்ளிக்கூடங்கள் மறுபடி ஒழுங்காக நடக்கத் தொடங்கிய ஆண்டில் அவர் பதுளையில் இரண்டு நாள் செயலமர்வு வைத்தார். ‘உலக வரலாறு கற்பித்தலுக்கான இணைய வளங்கள்’ என்று வாசலில் பதாகை தொங்கியது. வெளிநாட்டு அருங்காட்சியகங்கள், பல்கலைக்கழகங்கள், வரலாறு படிப்பிப்பவர்களுக்கென்றே செய்த தளங்கள் என்று ஒவ்வொன்றாகத் திரையில் காட்டினார். ஆண்டை மாற்றினால் நாடுகளின் எல்லைகள் நகரும் வரைபடம் ஒன்று இருந்தது. உண்மையைச் சொன்னால் அதைப் பார்த்து நான் வாயைப் பிளந்தேன். ஆனால் அவர் முன்னால் அப்படிக் காட்டிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. அதற்கும் வழி வைத்திருந்தார்.

“இந்தப் பட்டனை அமத்தினால் தமிழ் வரும். இனி ஒருத்தரும் சாட்டுச் சொல்லேலாது” என்றார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். மலைநாட்டில் பல வருடம் வேலை செய்தும் பேச்சு மாறவில்லை.

அமத்தினார். பிரெஞ்சுப் புரட்சிப் பக்கம் தமிழுக்கு மாறியது. இரண்டாவது வரியே இப்படி இருந்தது: ‘மூன்றாம் தோட்டம் அரசனுக்கு எதிராக எழுந்து நின்றது.’

நான் கையைத் தூக்கினேன்.

“சேர், அது தோட்டம் இல்ல. பிரான்ஸில ஜனங்கள மூணு வகுப்பா பிரிச்சு வச்சிருந்தாங்க. அந்த வகுப்புக்கு இங்கிலீஷ்ல எஸ்டேட்ங்கிற சொல்லுதான். மெஷின் அத நம்ம தேயிலைத் தோட்டம் மாதிரி எடுத்திருச்சு.”

பின்வரிசையில் சிரிப்பு எழும்பியது. அவருடைய முகம் சிவந்தது. மைக்கை வாய்க்குக் கிட்ட வைத்துக்கொண்டு சொன்னார்: “தோட்டத்திலை இருந்து வாற ஆக்களுக்கு அந்தச் சொல்லுத்தானே முதல்லை கண்ணிலை படும்.”

இந்த முறை சிரிப்பு இன்னும் பெரிதாக வந்தது. சிரித்தவர்களில் பாதிப்பேர் என்னைப் போலவே தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில் பிறந்தவர்கள். என் அம்மா கொஸ்லந்தைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். அது ஆலோசகருக்கும் தெரியும்.

“பிழை பிடிக்கிறது சுகம், டீச்சர். ஏலுமெண்டால் நீங்களும் ஏதாவது செய்து போடுங்கோவன், பாப்பம்” என்று முடித்தார்.

அவர் சொன்ன ‘போடுவது’ வலயத்துக்கென்று அவர் நடத்திய இணையப் பக்கத்தில். ஒவ்வொரு ஆசிரியரும் மாதத்துக்கு ஒரு தடவை, தான் இந்த வளங்களை வைத்துப் படிப்பித்ததற்குச் சான்றாகப் படமோ பிள்ளைகளின் ஆக்கமோ அனுப்ப வேண்டும். அவர் பார்த்து அனுமதித்தால் பக்கத்தில் வரும்.

நான் படிப்பித்த பள்ளிக்கூடம் எல்ல என்ற ஊருக்கு மேலே, பஸ் இறங்கி இருபது நிமிடம் மலையேற வேண்டிய ஒரு தோட்டத்தில் இருந்தது. அங்கே யாரோ கொடையாகக் கொடுத்த ஸ்மார்ட் போர்ட் ஒன்று இருந்தது. அதிபர் அதற்குப் பூப்போட்ட பெட்ஷீட்டைப் போர்த்தி, அறையைப் பூட்டி, சாவியைத் தன் இடுப்பு பெல்ட்டில் மாட்டியிருந்தார். அவரும் தோட்டத்துப் பிள்ளைதான், படித்து மேலே வந்தவர். எனக்கு அதனாலேயே அவர்மேல் கோபம் அதிகம்.

“கெட்டுப்போனா யாரு டீச்சர் பதில் சொல்றது?” என்பார்.

“வச்சு வச்சே கெட்டுப்போனா யாரு பதில் சொல்றது சேர்?”

“ஒங்களுக்கு வாய் ஜாஸ்தி.”

மூன்று வாரம் இப்படிச் சண்டை போட்டு, ஒரு கொப்பியில் கையெழுத்து வைத்து, சாவியை வாங்கினேன். பள்ளிக்கூடத்தில் சிக்னல் கிடையாது. கடைசி வகுப்பின் ஜன்னல் கம்பியில் போனைக் கட்டித் தொங்கவிட்டால் மட்டும் இரண்டு கோடு வரும். அப்படிக் கட்டி வைத்துத்தான் பதினொன்றாம் தரத்துக்குப் பிரெஞ்சுப் புரட்சி நடத்தினேன்.

பிழையான சொற்களைத் திருத்தி ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். நான் தாளைக் கொடுப்பதற்குள் பிள்ளைகள் பலகையில் இருந்ததை வாசித்துவிட்டார்கள்.

“மூணாம் தோட்டமா? எந்த டிவிசன் டீச்சர்?” என்று ஒருத்தன் தோட்டத்துப் பிரிவை விசாரிப்பது போலக் கேட்க, வகுப்பே சிரிப்பில் அதிர்ந்தது. நானும் சிரித்துவிட்டு, மெஷின் செய்த பிழையை விளக்கினேன். சிரிப்பு அடங்கியதும் இரண்டாவது வரிசை வாங்கில் இருந்த ஒரு பிள்ளை எழுந்து நின்றாள். உயரமான பிள்ளை. கேட்டால் ஒழிய வாய் திறக்கமாட்டாள். அப்பா கொழும்பில் கடையில் வேலை, அம்மா அதே தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர்.

“அப்ப மொதலாம் தோட்டம் யாரு டீச்சர்?”

“முதலாம் வகுப்பு. கோயில்காரங்க, குருமார்.”

“ரெண்டாவது?”

“பிரபுக்கள். நெலம் வச்சிருந்தவங்க.”

“மத்த எல்லாரும் மூணாவதா?”

“ஆமா.”

“வேல செஞ்சது, வரி கட்டுனது எல்லாம் மூணாவதுதானே?”

“ஆமா.”

“அப்ப மெஷின் சரியாத்தானே டீச்சர் சொல்லியிருக்கு?”

தாளைக் கொடுக்காமல் மேசையிலேயே வைத்துவிட்டேன்.

அதே தளத்தில் அந்தக் காலத்துக் கேலிச்சித்திரம் ஒன்று இருந்தது. கூன் விழுந்த ஒரு குடியானவன் முதுகில் ஒரு குருவும் ஒரு பிரபுவும் ஏறி உட்கார்ந்திருப்பார்கள். அதைப் பெரிதாக்கிக் காட்டி, “இன்னிக்கு நம்ம பக்கத்துல யாரு யாரத் தூக்கிட்டு நடக்கிறாங்கன்னு ஒரு படம் போட்டுட்டு வாங்க” என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் பெரும்பாலான பிள்ளைகள் பிரெஞ்சுக்காரனையே பார்த்து வரைந்து வந்தார்கள். அந்தப் பிள்ளை மட்டும் வேறொன்று கொண்டுவந்தாள். இடுப்பில் படங்குச் சாக்குக் கட்டிய ஒரு பெண், நெற்றியில் கூடைக் கயிறு, குனிந்து நிற்கிறாள். கூடைக்குள் அரைக் கால்சட்டையோடு தோட்டத்து மேனேஜர், துரை, உட்கார்ந்திருக்கிறார். துரையின் தோளில், கழுத்தில் மாலையும் காதில் போனுமாகத் தொழிற்சங்கத் தலைவர். பெண்ணின் காலில் ரத்தம் உறிஞ்சும் அட்டைகள். ஒவ்வொரு அட்டையையும் பென்சிலைக் கூராக்கிக் கூராக்கி வரைந்திருந்தாள். கீழே ‘மூன்றாம் தோட்டம்’ என்று எழுதியிருந்தாள்.

அதைப் பார்த்ததும் எனக்கு அந்தப் பிள்ளையைப் பற்றிய நினைப்பு முதலில் வரவில்லை. ஆலோசகரின் முகம்தான் வந்தது. அவர் மைக்கில் சொன்னதும், அந்தச் சிரிப்பும் வந்தன. சாயங்காலம் பதுளைக்குப் போய், வீட்டில் உட்கார்ந்து, படத்தை வலயத்தின் இணையப் பக்கத்துக்கு அனுப்பினேன். பள்ளிக்கூடத்தின் பெயரைப் போட்டேன், வகுப்பைப் போட்டேன். அதோடு விட்டிருக்கலாம். ‘கொழுந்து பறிக்கும் தாயின் மகள் வரைந்தது’ என்றும் எழுதினேன். பிள்ளையின் பெயரைப் போடாததே பெரிய கவனம் என்று எனக்கு நினைப்பு. அந்தச் சின்னத் தோட்டத்தில் பதினொன்றாம் தரத்தில் அப்படி வரையக்கூடிய பிள்ளை ஒருத்திதான் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அவளிடம் அனுமதி கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அரைமணி நேரத்தில் ஆலோசகர் அனுமதித்துவிட்டார். ‘முன்மாதிரியான கற்பித்தல்’ என்று ஒரு வரியும் சேர்த்திருந்தார். படத்தை அவர் திறந்தே பார்த்திருக்கமாட்டார் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். எனக்கு அப்போது இருந்த சந்தோஷம் கெட்ட சந்தோஷம். அவர் வாயாலேயே பாராட்ட வைத்துவிட்டேன் என்று படுத்துத் தூங்கினேன்.

நாலு நாளில் படம் போனுக்குப் போன் பரவித் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. துரையைவிடத் தலைவருக்குத்தான் கோபம் அதிகம் என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பிள்ளை இரண்டு நாள் பள்ளிக்கூடம் வரவில்லை. மூன்றாம் நாள் அவளுடைய அம்மா வந்தார்.

பகல் சாப்பாட்டு நேரம். மலையிலிருந்து நேரே வந்திருந்தார். இடுப்பில் படங்கு நனைந்து ஒட்டியிருந்தது, காலில் ரத்தம் கோடாக வடிந்து காய்ந்திருந்தது. முற்றத்தின் நடுவில் நின்று, பிள்ளைகளும் ஆசிரியர்களும் பார்க்க, என்னைக் கூப்பிட்டார்.

“என்னய நீங்க பாத்திருக்கீங்களா டீச்சர்?”

“இல்லங்க. ஒங்க மக…”

“நான் துரையத் தூக்குறத நீங்க பாத்தீங்களா?”

“அது ஒரு பாடத்துக்காக…”

“காலையில வேலைக்குப் பேர் குடுக்குற பெரட்டுல எல்லாருக்கும் முன்னால கணக்கப்புள்ள ஐயா கேக்குறாரு, என்னா, நாங்க எல்லாம் ஒனக்கு ரொம்பப் பாரமா இருக்கமான்னு. எல்லாரும் சிரிக்கிறாங்க. மூணு நாளா என்னய ஒத்தையில மேல் மலைக்கு அனுப்புறாங்க. அங்கன கொழுந்தே இல்ல, வெறும் முத்தல். லயத்துக்கெல்லாம் கூரத் தகரம் மாத்துறாங்க, எங்க காம்பரா வீட்டுக்கு மட்டும் பெறகு பாப்போம்ங்கிறாரு தலைவரு.”

“நான் போய்ப் பேசுறேங்க.”

“என்னத்தப் பேசுவீங்க? நீங்க ரெண்டு மணி பஸ்ஸுல பதுளைக்குப் போயிருவீங்க. நாங்க இங்கனதான் கெடக்கணும்.”

எனக்கும் அந்த நேரம் ரோஷம் வந்தது. சொல்லக்கூடாத ஒன்றைச் சொன்னேன். “எங்க அம்மாவும் கொழுந்து எடுத்தவங்கதான். எனக்கும் தெரியும்.”

அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். என் சேலையை, செருப்பை, கையில் இருந்த போனை.

“தெரிஞ்சுதானே செஞ்சீங்க. தெரியாதவங்க செஞ்சிருந்தா மன்னிச்சிருப்பேன்.”

திரும்பி நடந்தார். அதிபர் தன் அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். முற்றத்துக்கு இறங்கி வரவில்லை. அந்த அம்மா போன பிறகு என்னை உள்ளே கூப்பிட்டு, அந்தப் பிள்ளையைத் தோட்ட ஆபீசுக்குக் கூட்டிப்போய் மன்னிப்புக் கேட்க வைக்கவேண்டும் என்றார்.

“அந்தப் புள்ள என்ன சேர் தப்புச் செஞ்சா?”

“நமக்கு இந்த ஸ்கூலுக்குத் தண்ணி தோட்டத்துப் பைப்புல வருது. ரோடு தோட்டத்து ரோடு. ஒங்களுக்குப் பிரெஞ்சுப் புரட்சி, எனக்கு இந்தப் பைப்பு.”

“புள்ள போகமாட்டா. நான் போறேன்.”

“எழுத்துல குடுங்க” என்றார்.

அன்று மாலையே பதுளையில் ஆலோசகரின் ஆபீசுக்குப் போனேன். இணையப் பக்கத்திலிருந்து படம் காணாமல் போயிருந்தது. அவர் பாராட்டி எழுதிய வரியும் போயிருந்தது.

“படம் எங்க சேர்?”

“எந்தப் படம்? நான் அதைப் பாக்கேல்லை.”

அந்தப் பக்கத்தை முன்பே என் போனில் படமாக எடுத்து வைத்திருந்ததைக் காட்டினேன். அவருடைய பெயர், அவருடைய வரி, எல்லாம் இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் போட்டார்.

“இதை வைச்சு என்னைப் பயப்பிடுத்தலாமெண்டு பாக்கிறியளோ?”

“நீங்க அனுமதிச்சீங்கன்னு ஒரு கடுதாசி குடுங்க. அந்தப் புள்ளயையும் அவங்க அம்மாவையும் விட்டுருவாங்க.”

“நான் ஏன் குடுக்கவேணும்? பள்ளிக்கூடத்தின்ரை பேரை நான் போடச் சொன்னனானோ? தாய் கொழுந்து பறிக்கிறவ எண்டு எழுதச் சொன்னனானோ? உங்களுக்கு என்னோடை கோவமெண்டால் என்னோடை பிடிச்சிருக்கலாம். அந்தப் பிள்ளையை ஏன் நடுவிலை இழுத்தனீங்கள்?”

எனக்கு அவரை அடிக்கவேண்டும் போல இருந்தது. அவர் கேட்டது சரியான கேள்வி. அதை அவர் கேட்டார் என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தேன்.

அன்றிரவே நானே கடிதம் எழுதினேன். படத்தின் கருத்து முழுவதும் என்னுடையது, என்ன வரையவேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததும் நான்தான், மாணவி நான் சொன்னபடி வரைந்தாள், அவளுக்கோ அவள் தாய்க்கோ இதில் பங்கில்லை என்று எழுதினேன். அது பொய். ஆனால் வேறு வழி எனக்குத் தெரியவில்லை. ஒரு பிரதியை அதிபருக்கும் ஒன்றை வலய அலுவலகத்துக்கும் கொடுத்துவிட்டு, மற்றதை எடுத்துக்கொண்டு தோட்ட ஆபீசுக்குப் போனேன்.

துரை முப்பது வயதுக்கு மேல் இருக்கமாட்டார். சிங்களவர். தோட்டத்திலேயே பழகிய தமிழ் பேசினார். கடிதத்தை வாசித்து மேசையில் வைத்தார்.

“டீச்சர், நான் யாருக்கும் ஒண்ணும் சொல்லல. அந்த அம்மாவ எந்த மலைக்கும் அனுப்பச் சொல்லல.”

“ஆனா அனுப்பியிருக்காங்க.”

“அது கீழ உள்ளவங்க செய்றது.” கொஞ்சம் சிரித்தார். “இந்தப் படத்தோட ஒரிஜினல நாங்களும் ஸ்கூல்ல படிச்சோம். எனக்குக் கோவம் இல்ல. ஆனா இனி இந்த மாதிரி வேணாம்.”

அவர் கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். யாரும் எதுவும் சொல்லவில்லை, யாரும் எதுவும் பார்க்கவில்லை. ஆனால் ஒரு பெண் மட்டும் மேல் மலையில் தனியாக நின்று முத்தல் இலையைக் கிள்ளிக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் அவரைப் பழையபடி மற்றவர்களோடு சேர்த்தார்கள். தகரம் மட்டும் வரவில்லை. அது தலைவர் கையில் இருந்தது.

முடிந்தது என்று நினைத்தேன். அதிபர் விடவில்லை. காலைக்கூட்டத்தில், ‘தவறான வதந்திகளுக்கு முற்றுப்புள்ளி வைப்பதற்காக’ என்று சொல்லி, என் கடிதத்தை எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் வாசித்தார். நான் ஆசிரியர்கள் வரிசையில் நின்றேன். என்னை அசிங்கப்படுத்தத்தான் வாசிக்கிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்த பார்வையைக் கண்ட பிறகுதான் யாரை அசிங்கப்படுத்தியது அந்தக் கடிதம் என்று விளங்கியது.

இடைவேளையில் அவளாகவே வந்தாள்.

“டீச்சர், நீங்களா சொல்லிக் குடுத்தீங்க?”

“ஒங்க அம்மாவுக்காக எழுதினேன்மா.”

“கூடைக்குள்ள துரைய வைக்கச் சொன்னது யாரு?”

“நீதான்.”

“அட்டைய யாரு போட்டது?”

நான் கையில் இருந்த கொப்பிகளை அடுக்கினேன்.

“அம்மா ஏசுனாங்க, அடிச்சாங்க. அப்பவும் நான்தான் போட்டேன்னு சொன்னேன். ஏன் போட்டேன்னும் சொன்னேன். அதுக்குப் பெறகு அம்மா அடிக்கல. இப்ப ஸ்கூல் பூரா நான் ஒங்க பேச்சக் கேட்டுக் கிறுக்கினவ.” போகத் திரும்பினாள். “நீங்களும் அந்தப் படத்துல ஏறி ஒக்காந்திருக்கிறவங்க மாதிரித்தான் டீச்சர்.”

அதற்குப் பிறகு ஓ.எல். பொதுப் பரீட்சை வரை ஏழு மாதம் அவள் என் வகுப்பில் இருந்தாள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வாள், கொடுத்த வீட்டுவேலையைச் செய்வாள். ஒரு கேள்விகூடக் கேட்கமாட்டாள். நான் அந்தத் தளங்களிலிருந்து ரஷ்யப் புரட்சியைக் காட்டினேன், உலகப் போர்களைக் காட்டினேன். நகரும் வரைபடத்தைக்கூடக் காட்டினேன். மற்றப் பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு பலகைக்குக் கிட்ட வருவார்கள். அவள் தன் இடத்திலேயே இருந்து கொப்பியில் எழுதுவாள். வரலாற்றில் அவளுக்கு ஏ வந்தது. பெறுபேறு வந்த அன்று மற்ற ஆசிரியர்களுக்கெல்லாம் இனிப்புக் கொடுத்தாள். என் பங்கை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

ஆலோசகர் இன்றும் அந்த ஆபீசில்தான் இருக்கிறார். பிள்ளைகளின் ஆக்கங்களை அதிபரின் கையெழுத்தில்லாமல் இணையத்தில் போடக்கூடாது என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். அதன்பிறகு நடந்த எந்தச் செயலமர்வுக்கும் எனக்கு அழைப்பு வரவில்லை. நான் கேட்கவும் இல்லை.

போன வருடம் பதுளை பஸ் நிலையத்தில் அவளைப் பார்த்தேன். ஏ.எல். உயர்தரம் படிக்க டவுன் பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தாள். வெள்ளைச் சீருடையில், கையில் குடையோடு, பண்டாரவளை பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். பார்க்காத மாதிரிப் போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு கிட்டப் போனேன்.

“நல்லாயிருக்கியாமா?”

“இருக்கேன் டீச்சர்.”

“அன்னிக்கு நான் அந்தக் கடுதாசி எழுதினது தப்பு. ஒன்னக் கேக்காம படத்தப் போட்டதும் தப்பு.”

“தெரியும்.”

“அத ஒங்கிட்டச் சொல்லணும்னு ரொம்ப நாளா…”

“கடுதாசிய மாத்தி எழுதிக் குடுத்தீங்களா?”

“இல்ல. அம்மாவுக்கு மறுபடி ஏதாவது…”

“அம்மா இப்ப மலைக்குப் போறதில்ல. லயத்தையும் விட்டுட்டோம். பண்டாரவளையில கார்மெண்ட்டுக்குப் போறாங்க. ஒரு வருசமாச்சு.” பஸ் வந்து நின்றது. கூட்டம் நெருக்கியது. படியில் கால் வைத்தபடி திரும்பினாள். “எங்கிட்டச் சொல்லி என்ன டீச்சர் ஆகப்போகுது? எனக்குத்தான் தெரியுமே.”

அந்த வாரமே எழுதினேன். அந்தச் சித்திரத்தின் கருத்தும் கோடுகளும் முழுவதும் மாணவியுடையவை, என் முந்தைய கடிதத்தில் நான் எழுதியது உண்மையல்ல என்று நாலே வரி. அதிபருக்கு, வலய அலுவலகத்துக்கு, தோட்ட ஆபீசுக்கு, மூன்று இடத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒரு பிரதியை அவள் படிக்கும் பள்ளிக்கூட விலாசத்துக்கு அவள் பெயரில் அனுப்பினேன்.

அதிபர் கடிதம் கிடைத்த அடுத்த நாள் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மற்ற இரண்டு இடத்திலிருந்தும் பதில் இல்லை. அவளும் எழுதவில்லை.